கிண்ணத்துக்கு வெளியே ஒரு விரற்கடை

மனித உடம்பில் இருநூற்றாறு எலும்புகள். எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் நின்ற எலும்புக்கூட்டில் நூற்றுத் தொண்ணூற்றேழுதான். குறைந்த ஒன்பதும் எவை என்று இன்றும் சொல்வேன். நாக்குக்கு அடியில் இருக்க வேண்டியது ஒன்று, காதுகளுக்குள் இருக்க வேண்டியவை ஆறு, இடது கைச் சுண்டுவிரலின் நுனி, வலது கால் விரல் ஒன்றின் நுனி. அங்கே இயற்கை அறிவியல் நடத்திய பத்தொன்பது வருடமும், வருடத்துக்கு இரண்டு தடவை அவற்றை எண்ணினேன். எண்ணிக்கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது என்ன பெருமை இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டவர் ஆய்வுக்கூட அட்டெண்டர். பெயர் வேண்டாம். அவர் பெண் இதே ஊரில் இருக்கிறாள்.

பிள்ளையார்பாளையத்துக்காரர். நெசவு வீடு. ஒரே தறி, அது அண்ணனுக்குப் போனதால் இவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒல்லி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். விரல்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் நீளமாக இருக்கும். பேசிக்கொண்டே நம் மணிக்கட்டைப் பிடித்து, தோலுக்கு அடியில் எட்டு சிறு எலும்புகளையும் தேடித் தேடி அழுத்துவார். "தோ, இது ஒண்ணு. இது ரெண்டு. அட, உங்களுக்கு மூணாவது நல்லா தூக்கிக்கினு இருக்குதே சார்." இரண்டு தடவை என்னிடம் இப்படிச் செய்தார். இரண்டு தடவையும் எட்டும் கிடைத்தது.

எலும்புக்கூட்டை அவர் 'அது' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'அவரு'தான். வகுப்பில் எவனாவது பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தால் வாசலில் நின்றபடியே சொல்வார்: "அவரு காலையிலேர்ந்து நின்னுக்கினே இருக்காரு. நீ ஒரு பீரியடு நேரா குந்த மாட்டியாப்பா?" பையன்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: எது எப்படி இருந்ததோ அதை அப்படியே வைப்பார். ஒரு கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மேசையைக் காலி செய்து வெளியே வைத்து, அடித்து முடித்ததும் பழையபடி அடுக்கியது இவர். பள்ளி திறந்த அன்று தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடியில்லாத பேனா, காலி மருந்து சீசா, கடைசி நாள் அவர் தின்றுவிட்டுப் போட்ட வாழைப்பழத் தோல், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தோல் கறுத்துக் காய்ந்திருந்தது.

"ஏம்பா, இந்தத் தோலையாவது தூக்கிப் போட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க எதுக்கு வெச்சீங்கன்னு எனக்கு இன்னா சார் தெரியும்? இருந்தபடியே வெச்சிருக்கேன்."

அன்று நானும் சிரித்தேன்.

எலும்புக்கூடு எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்ததல்ல. ஊரில் இருந்த ஒரு வயதான டாக்டர் கொடுத்தது என்று சொல்வார்கள். எலும்புகளைக் கோத்திருந்த கம்பிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. அறுபதுகளின் கடைசியில் ஒரு அரைப் பரீட்சை விடுமுறையில், "பட்டு முறுக்கு நூல்ல கட்டிடறேன் சார், துரு வராது" என்றார். ஒன்பது நாள் வேலை. நான் பாதி நாட்கள் பக்கத்தில் இருந்தேன்.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல் வரிசை, தீர்ந்துபோனால் புதுப்பாவை முதலிலிருந்து கோக்க மாட்டார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியிலும் புதுப்பாவின் ஒரு இழையை வைத்து முறுக்கிப் பிணைப்பார்கள். முதல் இழைக்கு முதல் இழை, ஆயிரமாவதுக்கு ஆயிரமாவது. வரிசையை யாரும் ஆராய்வதில்லை. பழைய பாவில் ஓர் இழை தறியின் தப்பான கண்ணில் நுழைந்திருந்தால், அடுத்த சேலையிலும் அதே கண்ணில்தான் நுழையும். அவர் எலும்புக்கூட்டையும் அப்படித்தான் பிணைத்தார். ஒரு கம்பியை அறுத்து, அந்த இடத்தில் நூலைக் கட்டிய பிறகுதான் அடுத்த கம்பியைத் தொட்டார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றேழு. பொருட்பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இடது தொடை எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடை எலும்பின் மேல்நுனியில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய ஓர் உருண்டை இருக்கிறது. இடுப்பெலும்பின் பக்கவாட்டில் அதற்கென்று ஒரு கிண்ணம் குழிந்திருக்கிறது. உருண்டை அந்தக் கிண்ணத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் எலும்புக்கூட்டில் வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம், நாங்கள் யாரும் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்பே, கூடு ஒருமுறை விழுந்து, உருண்டையைப் பிடித்திருந்த கொக்கி ஒடிந்திருக்கிறது. ஒடிந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டதால், யாரோ உருண்டையைக் கிண்ணத்துக்கு வெளியே, ஒரு விரற்கடை மேலே வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அதனால் இடது கால் குட்டையாகிவிட்டது. அது தெரியாமல் இருக்கக் குதிகாலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு. அந்த மரத்துண்டை நான் வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். எலும்பு இல்லை என்பதால் எண்ணவில்லை.

நூல் கட்டிய மறு வருடம் அவருக்குப் பெண் பிறந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. பள்ளி முழுவதும், கடைநிலை ஊழியர் முதல் தலைமை ஆசிரியர் வரை இருபத்தாறு பேருக்கும் கற்கண்டு கொடுத்தார்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது அம்மை குத்த வந்த நர்ஸ் அதன் தொடைகளைப் பார்த்தாள். இடது தொடையில் சதை மடிப்பு ஒன்று கூடுதலாக இருந்தது. காலை அகட்டிப் பார்த்தாள். இடது கால் முழுவதும் அகலவில்லை. "எலும்பு எறங்காம இருக்குதோ இன்னாவோ. பெரிய டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை முதல் பீரியடுக்கு முன்னால் அவர் ஆய்வுக்கூடத்தில் எலும்புக்கூட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேசையில் வினாத்தாள் கட்டுகளைப் பிரித்து நாற்பது நாற்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சார், நர்சம்மா பாப்பாவுக்கு எடது தொடை எலும்பு எறங்கலன்றாங்க. நான் தொட்டுப் பாத்தேன். உருண்டை வெளியிலதான் இருக்குது. கைக்கு நல்லாத் தெரியுது."

"ம்."

"ஆனா இவருக்கும் எடது பக்கம் வெளியிலதானே சார் இருக்குது? வலது பக்கம் உள்ள இருக்குது. நீங்களே பாடத்துல சொல்வீங்களே, இதயம் எடப்பக்கம், கல்லீரல் வலப்பக்கம், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுன்னு. அப்படித்தானே இதுவும்?"

நான் முப்பத்திரண்டில் இருந்தேன். விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"அதைப் பாத்துத்தானேப்பா நான் பாடமே நடத்துறேன். அதுல இருக்கற மாதிரி இருந்தா சரிதான்" என்றேன்.

"அப்படின்னா சரி சார்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலில் கேட்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம். இந்த வயதில் தூக்கம் வராதபோது நான் எண்ணுவது அந்தப் பதினொன்றைத்தான். ஐந்தாம் மாதம் முதல் பதினாறாம் மாதம் வரை. அந்த மாதங்களில் குழந்தை பெரும்பாலும் தூளியிலேயே கிடந்தது. அம்மா பகல் முழுக்கத் தார் சுற்றினாள், அதாவது ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் வேலை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. இடுப்பில் இருக்கும் குழந்தை கால்களை அகட்டிக்கொண்டிருக்கும், உருண்டை தானாகக் கிண்ணத்தைப் பார்த்து நிற்கும். தூளியில் இரண்டு காலும் சேர்ந்து நீண்டு கிடக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்தவை. நான் இயற்கை அறிவியல் ஆசிரியன்.

குழந்தை பதினான்காம் மாதத்தில் எழுந்து நின்றது. நடந்தபோது இடது பக்கம் சாய்ந்தது. "புதுசா நடக்குதில்ல, அப்படித்தான் வாத்து மாதிரி நடக்கும்" என்று அவரே எல்லோரிடமும் சொன்னார்.

அப்புறம் பள்ளிக்கு ஒரு புதுச் சுவர்ப்படம் வந்தது. ஆள் உயரம். துணியில் ஒட்டிய எலும்புக்கூட்டுப் படம். அவர்தான் ஆணி அடித்து மாட்டினார். நான் உள்ளே போனபோது சுத்தியல் கையிலேயே இருந்தது. படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சார், இந்தப் படத்துல தப்பா அச்சடிச்சிட்டாங்களா?"

"எங்கே?"

"எடது பக்கம். உருண்டைய உள்ள போட்டிருக்காங்க."

படத்தைப் பார்த்தேன். பிறகு கூட்டைப் பார்த்தேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக எண்ணாமல் பார்த்தேன். பட்டு நூல் முடிச்சு அழகாக, இறுக்கமாக, தப்பான இடத்தில் இருந்தது.

"தப்பில்லைப்பா" என்றேன்.

"சார், நல்லா பாத்துச் சொல்லுங்க சார். சில சமயம் அச்சுல தப்பு வரும். போன வருஷம் பூகோளப் படத்துலகூட வந்துதே சார்."

"படத்துல தப்பில்லை."

அவர் சுத்தியலைக் கீழே வைக்க இடம் தேடினார். மேசை பக்கத்திலேயே இருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறினோம். நானும் போனேன். எலும்பு டாக்டர் படம் எடுக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழந்தையின் எலும்புகள் புகையில் வரைந்தது போல இருந்தன. இடது உருண்டை வெளியே, மேலே. எங்கள் கூட்டில் இருந்த அதே இடத்தில்.

"உருண்டை உள்ளே இருந்தாத்தான் கிண்ணம் ஆழமா குழியும். ஆள் இறைக்காத கிணறு மாதிரி இது தூந்துபோயிடுச்சு. ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா ஒரு பட்டை கட்டியே சரி பண்ணியிருக்கலாம். அப்பவே யாரும் சொல்லலையா?"

"நர்சம்மா சொன்னாங்க சார்."

"அப்புறம் ஏன் வரலை? யார் பரவாயில்லைன்னு சொன்னது?"

நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதான் சார் நெனச்சிக்கினேன்."

பேச வேண்டிய இடம் அது. நான் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே மைல்கற்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் மடியில் குழந்தை தூங்கியது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், "சார் சாப்பிடவே இல்லியே" என்றார் என்னிடம்.

மாவுக்கட்டுப் போட்டார்கள். மார்புக்குக் கீழே தொடங்கி இரண்டு காலும் தவளைக் கால் மாதிரி அகண்டு, முழங்கால் வரை. மூன்று மாதம். பிறகு பிரித்து, கோணம் மாற்றி, இன்னொரு மூன்று மாதம். அந்த அகலத்துக்கு வீட்டில் எந்த இடமும் பொருந்தவில்லை. அண்ணனின் தறி பாதி வீட்டை அடைத்திருந்தது. இவர் ஒரு பலகையில் இடுப்புக்கும் தொடைக்கும் தக்கபடி குழி செதுக்கி, அதில் குழந்தையைக் கிடத்தினார். டாக்டர் வைத்த கோணம் மாறக் கூடாது என்று இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு மூங்கில் குச்சியை அளவாக வெட்டி வைத்திருந்தார். காலையும் மாலையும் அளப்பார்.

சித்திரை வெயில். கட்டுக்குள் வேர்த்துப் புண்ணாகி நாறியது. குழந்தை அழுது அழுது குரல் போய்விட்டது. தார்க்குழலைக் கட்டுக்குள் நுழைத்து அவர் வாயால் ஊதுவார். கொஞ்ச நேரம் அழுகை நிற்கும். அவர் ஊதுவதை நிறுத்தினால் மறுபடி தொடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது எண்ணினேன். நானூற்றுக்கு மேல் ஊதினார். கண்கள் செருகிவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் மனைவி ராட்டினத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார். ஒரே ஒரு நாள் கழட்டிட்டு, குளிக்க ஊத்திட்டு மறுபடி கட்டலாம்னா கேக்க மாட்றாரு. புண்ணுல புழு வெச்சிரும் போல இருக்குது. நீங்க சொன்னா கேப்பாரு. உங்க பேச்சுன்னா அவருக்கு அம்மாம் நம்பிக்கை."

"ஏய், சும்மா இரு" என்றார் அவர் தரையிலிருந்து. "டாக்டர் வெச்சபடியே இருக்கணும். ஒரு இழை நவுரக் கூடாது."

வைகாசியில் கருட சேவை. ஊரே பெருமாளைப் பார்க்கத் தெருவில் நின்றது. குழந்தையைத் தூக்கிப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவள் கெஞ்சினாள். தூக்கினால் கோணம் மாறும் என்று அவர் விடவில்லை. மேளச் சத்தம் அவர்கள் சந்து முனையைத் தாண்டிப் போனதாம். மூன்று பேரும் உள்ளேயே இருந்தார்களாம். இதை அவள்தான் பிறகு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படும் தெம்பு அவளிடம் இல்லை.

ஆறு மாதம் முடிந்து கட்டைப் பிரித்தார்கள். இந்தத் தடவை நான் போகவில்லை. பரீட்சை வேலை இருந்தது. பரீட்சை வேலை எல்லோருக்கும்தான் இருந்தது, கேட்டிருந்தால் விடுப்புக் கொடுத்திருப்பார்கள்.

அவர் மறுநாள் மூன்றாவது பீரியடில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். எனக்கு அந்த நேரம் வகுப்பில்லை. மணியடிக்கும் ஊழியர் பதினைந்து நாள் விடுப்பில் இருந்ததால் மணி அடிப்பதும் இவர் பொறுப்பு. பீரியட் முடிய நாலு நிமிடம் இருந்தது.

"உருண்டை கிண்ணத்து வெளிம்புல வந்து நின்னுடுச்சாம் சார். உள்ள எறங்கல. கிண்ணத்துல ஆழம் இல்லியாம்."

"அப்புறம்?"

"ஆப்பரேஷன் ஒண்ணு இருக்குதாம். இடுப்பெலும்ப வெட்டி, கிண்ணத்தக் கவுத்து உருண்டை மேல மூடி வெப்பாங்களாம். நல்லா வந்தா நேரா நடக்குமாம். வரலன்னா மூட்டு எறுகிப் போயி, கீழ குந்தவே முடியாதாம். ரெண்டும் ஆவும்னு டாக்டர் சொல்லிட்டாரு. செவ்வாய்க்கெழம படுக்கை காலியாவுதாம். வந்தா வா, வராட்டி வேற கொழந்தைக்குக் குடுத்துருவோம்னாங்க. தள்ளிப் போட்டா வயசு ஏறிடுமாம்."

அவர் ஓரடி பக்கத்தில் வந்தார்.

"பண்ணலாமா வேணாமா சார்? நீங்க சொல்லுங்க."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவ அழுவறா. இன்னொரு தபா புள்ளைய அப்படிப் பாக்க முடியாதுன்றா. நீங்க சொல்லுங்க சார்."

"உன் பொண்ணுப்பா. நான் எப்படிச் சொல்றது?"

"என் கைக்கு ஒண்ணும் தெரியல சார்." நீண்ட விரல்களைப் பிரித்து எனக்கு முன்னால் நீட்டினார். "ராவெல்லாம் பாப்பா இடுப்பத் தொட்டுப் பாத்துக்கினே இருந்தேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன்து. நீங்க படிச்சவரு. ஒரு வார்த்த சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி. அப்படியே செய்றேன்."

அவர் அப்படியே செய்வார் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம். போகச் சொல்லி மூட்டு இறுகிப்போனால்? வேண்டாம் என்று சொல்லி அவள் ஆயுசுக்கும் சாய்ந்து நடந்தால்? முன்பு ஒருமுறை நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னவன் நான். இப்போது நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்தபடி, வாயைத் திறக்கவில்லை. 'அன்று நான் சொன்னது தப்பு, என்னை இனி நம்பாதே' என்றாவது சொல்லியிருக்கலாம். 'வா, நானும் கூட வருகிறேன், சேர்ந்து டாக்டரிடம் இன்னொரு முறை கேட்போம்' என்று சொல்லியிருக்கலாம். இப்போது எண்ணிப் பார்த்தால் சொல்லியிருக்கக்கூடியவை ஆறேழு இருக்கின்றன.

அவர் நின்றார். நான் மேசை மேல் இருந்த சோதனைக் குழாய்களைத் தாங்கியில் செருகினேன். பன்னிரண்டு. எடுத்துவிட்டு மறுபடி செருகினேன்.

பக்கத்து வகுப்புகளில் சலசலப்பு எழுந்தது. பீரியட் முடிந்துவிட்டது என்று பையன்களுக்கு வயிறு சொல்லிவிடும். யாரோ மேசையைத் தட்டினார்கள். இன்னொரு வகுப்பில் கூச்சல். தாழ்வாரத்தில் தலைமை ஆசிரியரின் செருப்புச் சத்தம் வந்தது.

"மணி அடிக்கற ஆள் எங்கய்யா? பத்து நிமிஷம் ஆகப் போவுது, எங்க போய்த் தொலைஞ்சான்?"

அவர் அசையவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்கடிகாரத்தில் ஏழு நிமிடம் தாண்டியிருந்தது.

"போப்பா. மணி அடி" என்றேன்.

"சரி சார்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் பள்ளிக்கு வந்திருந்தார். ஆய்வுக்கூடத்து ஜன்னல்களைத் திறந்தார். ஜாடிகளில் தண்ணீர் நிரப்பினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைய எட்டு மணிகளையும் நேரத்துக்கு அடித்தார். ஒவ்வொன்றையும் நான் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.